ஐந்து வயதுக்கு முன்: தமிழகத்தில் மழலையர் கல்வியின் வரலாறு

ஆறு வயது நிரம்பாத குழந்தையை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் விடும்போது அந்த இடத்திடம் மூன்று வேலைகள் ஒப்படைக்கப்படுகின்றன. பெற்றோர் திரும்பும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும், பசியாற்ற வேண்டும், பேச்சு, எண், எழுத்து, பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் பழக்க வேண்டும். தமிழகத்தில் இந்த மூன்றும் தனித்தனியே வளர்ந்தன. திண்ணைப் பள்ளி எழுத்தையும் எண்ணையும் எடுத்துக்கொண்டது. பால்வாடி காவலையும் சோற்றையும் ஏற்றது. நர்சரிப் பள்ளி மறுபடி எழுத்துக்கே திரும்பியது. மூன்றையும் ஒருசேரத் தரும் ஏற்பாட்டுக்கான தேடல் இன்னும் முடியவில்லை.

பெருநகரங்களின் புகழ்பெற்ற பள்ளிகளைக் கொண்டு மட்டும் இந்த வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. செஞ்சி, அனந்தபுரம் ஆகிய பேரூராட்சிகளையும் சுற்றிலும் வேளாண் கிராமங்களையும் கொண்ட செஞ்சி வட்டாரம் போன்ற பகுதிகளில்தான் ஒவ்வொரு மாற்றமும் பெரும்பான்மைக் குழந்தைகளை எட்டியதா என்பது தெரியும். இப்பகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993 இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது.

எழுத்துக்கு முந்தைய பருவம்

பள்ளியில் சேரும் வயதுக்கு முன் குழந்தை எப்படி வளர்கிறது என்பதைத் தமிழ் மரபு நுட்பமாகக் கவனித்திருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கிப் பல பிள்ளைத்தமிழ் நூல்கள் உள்ளன. அவற்றின் பத்துப் பருவப் பகுப்பு மூன்றாம் மாதத்துக் காப்பில் தொடங்கி இரண்டிரண்டு மாத இடைவெளியில் செல்கிறது. ஐந்தாம் மாதத்தில் தலையைத் தூக்கி அசைக்கும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டு கடந்ததும் தளர்நடையிட்டு வரும் வருகை, பிறகு நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலி என்று அது நீளும். கடைசிப் பருவங்கள் பாலினத்துக்கு ஏற்பப் பிரியும்: ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல்.

இந்தப் பத்துப் பருவங்களில் எங்கும் ஏடும் எழுத்தாணியும் இல்லை. கழுத்து நிற்றல், கை ஒருங்கிணைதல், நடை, பேச்சு, விளையாட்டு ஆகியவையே அந்த வயதின் அடையாளங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டன. தாலாட்டு, சாய்ந்தாடல், கைவீசல், விடுகதை, பல்லாங்குழி, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் முதலியவற்றின் வழியாகச் சொல்லும் எண்ணும் குழந்தைக்கு வந்தன. கற்பித்தவர்கள் பாட்டி, அத்தை, அக்கா முதலான வீட்டுப் பெண்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் தாய் போகவேண்டிய குடும்பங்களில் கைக்குழந்தை மரத்தடித் தூளியில் கிடந்தது. சற்றே வளர்ந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எட்டு, பத்து வயது அக்காவின் இடுப்பில் ஏறியது. அந்த அக்காவுக்குப் பள்ளி எட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

திண்ணைப் பள்ளி

முறையான படிப்பு ஐந்தாம் வயதில் தொடங்கியது. இதைப் பற்றிய விரிவான பழைய பதிவு, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் மாதம் இட்ட ஆணையால் கிடைத்தது. மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று ஆட்சியர்களிடம் அவர் கணக்குக் கேட்டார். 1826 மார்ச் 10 ஆம் தேதியிட்ட அவருடைய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளியில் படித்தார்கள் என்றும், வீட்டில் கற்பவரையும் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றும் மன்றோ மதிப்பிட்டார்.

தென்னார்க்காட்டில் மட்டும் 875 பள்ளிகள் பதிவாயின. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் திரட்டி 1983 இல் வெளியிட்டபோது பலரை வியக்கவைத்தது மாணவர்களின் சாதிக் கணக்கு. தென்னார்க்காட்டு மாணவர்களில் 84 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சூத்திரர் எனவும் பிற சாதியார் எனவும் பதிவானவர்கள். கல்வி பிராமணர்களிடம் மட்டுமே இருந்தது என்ற பொதுக் கருத்தை இந்த எண் அசைத்தது. அதே ஆவணங்கள் மற்றொரு பக்கத்தையும் காட்டுகின்றன. மாகாணம் முழுவதிலும் பள்ளியில் இருந்த சிறுமிகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் ஊர்த் திண்ணையில் ஏற முடியவில்லை. பிள்ளை ஒன்றுக்கு மாதம் நான்கு முதல் எட்டணா வரை கட்டணம் கொடுக்க முடிந்தவர்களுக்கே படிப்பு. ஆசிரியரின் மாத வருமானமும் ஆறு, ஏழு ரூபாயைத் தாண்டுவது அரிது.

பள்ளி சேர்ப்பு ஒரு சடங்கு. பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்ப்பெல் 1823 இல் அனுப்பிய அறிக்கையில் அது விவரிக்கப்படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியரும் மாணவர்களும் வந்து பிள்ளையார் உருவத்தைச் சுற்றி அமர்வார்கள். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார். விஜயதசமி நாளில் தமிழகக் கோயில்களிலும் வீடுகளிலும் இன்றும் நடக்கும் வித்யாரம்பம் இதே முறைதான். விடியற்காலையில் பள்ளி தொடங்கும். முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, பின்னால் வருபவர்களுக்கு ஒவ்வோர் அடி கூடும் என்றும் கேம்ப்பெல் எழுதுகிறார்.

தமிழ்த் திண்ணைகளில் பாடம் மணலில் தொடங்கி ஓலைக்கு நகர்ந்தது. அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற நீதி நூல்கள், கணக்குக்கு எண்சுவடி. முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களும் நெல்லளவும் பொன்னளவும் வாய்ப்பாடாக மனத்தில் ஏறின. ஊர்க்கணக்கும் கடைக்கணக்கும் பார்க்கத் தேவையான திறன்கள் அவை. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். மனப்பாடமும் பிரம்பும் இந்த முறையின் இரண்டு கைகள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கும் ஒரே திண்ணை, ஒரே ஒழுங்கு. சின்னஞ்சிறு வயதுக்கென்று தனியான முறை எதுவும் இருக்கவில்லை.

சென்றதும் வந்ததும்

சென்னைப் பகுதியின் பழைய பள்ளி முறை ஐரோப்பாவுக்கும் போயிற்று. எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கு 1789 இல் ஏற்பட்ட ஆதரவில்லத்தை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்தினார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அது வெற்றி கண்டது. 1797 இல் லண்டனில் இதைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மலிவான வழியாகச் ‘சென்னை முறை’ இங்கிலாந்தில் பரவியது. திண்ணையின் சட்டாம்பிள்ளை இப்படிக் கடல் கடந்தான்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் மழலையருக்கென்று தனி இடங்கள் தோன்றின. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையூரில் ராபர்ட் ஓவன் 1816 இல் தொழிலாளர் குழந்தைகளுக்கான பள்ளியைத் திறந்தார். அங்கே ஆடலும் பாடலும் பொருள்களைப் பார்த்துப் பேசுதலும் இருந்தன, புத்தகத் திணிப்பு இல்லை. ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபிரோபெல் 1837 இல் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய நிறுவனத்துக்கு 1840 இல் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். பந்து, கனசதுரம், உருளை முதலிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு வடிவத்தையும் எண்ணையும் உணர்த்துவது அவர் முறை. விளையாட்டே குழந்தையின் படிப்பு என்னும் கொள்கைக்கு நிறுவன வடிவம் கொடுத்தவர் அவர்.

தமிழ் மண்ணில் மேலைமுறைப் பள்ளி அதற்கு முன்பே வந்துவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707 இல் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார். புதுச்சேரியில் 1827 முதல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் பெண்கல்வியில் ஈடுபட்டனர். ஆற்காடு அமெரிக்க மிஷன் 1853 இல் நிறுவப்பட்டு வட, தென் ஆற்காடுகளில் பள்ளிகள் நடத்தியது; திண்டிவனம் அதன் நிலையங்களில் ஒன்று. பெண் பிள்ளைகளும் தலித் பிள்ளைகளும் முதன்முதலாகக் கணிசமாகப் பள்ளிக்குள் நுழைந்தது இத்தகைய இடங்களில்தான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாகச் சைவப் பள்ளிகளை நடத்தியதோடு, படிப்படியாக ஏறும் பாலபாட நூல்களை அச்சிட்டார். ஏட்டுச்சுவடியிலிருந்து வகுப்புக்கேற்ற பாடப்புத்தகத்துக்குத் தமிழ் மாறியதில் அவருடைய பங்கு பெரியது.

கிண்டர்கார்ட்டன் முறை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தின் பெண்கள் பள்ளிகளிலும் ஆசிரியப் பயிற்சி நிலையங்களிலும் நுழைந்தது. அடையாற்றில் 1894 இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் தலித் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியைத் தொடர்ந்து ஏற்பட்ட பள்ளிகளும் அம்முறையைக் கையாண்டன. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மாற்றம் மெதுவாகவே வந்தது. அரசு மானியம் தேர்வு முடிவைப் பொறுத்திருந்த காலத்தில், விளையாட்டுக்கு மதிப்பெண் போட யாரும் இல்லை.

அடையாற்றில் மாண்டிசோரி

தமிழக மழலையர் கல்வியில் உலகப் புகழ் பெற்ற அத்தியாயம் 1939 நவம்பரில் தொடங்கியது. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் அடையாறு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஆல்காட் தோட்டத்தில் போட்ட ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு இந்தியா முழுவதிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சுமார் 300 பேர் வந்தனர்.

சில மாதங்களுக்கென வந்தவரைப் போர் நிறுத்திவைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவை எதிரி நாட்டவராகக் காவலில் வைத்தது. மாண்டிசோரி அடையாற்றைவிட்டு வெளியேறத் தடை விதித்தது. அவருடைய 70 ஆவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று மரியோ விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். கலப்பு வயதுக் குழந்தைகளோடு அங்கே செய்த பணியிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான அவருடைய கல்வித் திட்டம் உருவாயிற்று. 1946 இல் ஐரோப்பா திரும்பியவர் மறுபடி வந்து 1949 வரை பயிற்சிகள் நடத்தினார். இந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். பிறப்பு முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சுற்றுப்புறத்தை உறிஞ்சிக்கொள்ளும் விதத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல், இந்தியாவில் ஆற்றிய உரைகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1949 இல் அடையாற்றில் வெளியானது.

மாண்டிசோரி முறையின் அடிப்படை எளிது. குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசை, நாற்காலி, அலமாரி. தொட்டு, அடுக்கி, ஒப்பிட்டுத் தன் தவற்றைத் தானே கண்டுகொள்ளத்தக்க பொருள்கள். வேண்டிய வேலையைத் தானே தேர்ந்தெடுத்து வேண்டிய நேரம் செய்யும் உரிமை. குறுக்கிடாமல் கவனிக்கும் ஆசிரியர். 1907 இல் ரோம் நகரின் சான் லோரன்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தது இந்த முறை. இந்தியாவில் அது பெரும்பாலும் வசதி படைத்தோரின் பள்ளிகளில் நிலைகொண்டது. பொருள்களின் விலை, பயிற்சி பெற்ற ஆசிரியரின் அருமை, ஆங்கில வழி ஆகிய மூன்றும் அதை ஊர்ப்புறத்துக்கு எட்டாமல் செய்தன. பிற்காலத்தில் தெருவுக்குத் தெரு எழுந்த பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரி என்ற சொல் இருந்தது. வகுப்பறைக்குள் பலகையும் ஒப்பித்தலுமே இருந்தன.

இந்த இடைவெளியைச் சரிசெய்ய முயன்றவர்கள் மேற்கு இந்தியாவில் இருந்தார்கள். கிஜுபாய் பதேகா 1920 இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கி, மாண்டிசோரியின் கருத்தை நாட்டுப்புறக் கதை, பாட்டு, நாடகத்தோடு இணைத்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945 இல் மகாராஷ்டிரத்தின் போர்டிக்குச் சென்று, பிறகு கோஸ்பாடு மலைப்பகுதியில் ஆதிவாசிக் குழந்தைகளிடையே அனுதாய் வாக்குடன் சேர்ந்து பணிசெய்தார். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை என்றால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கண்ட வழி. கூழாங்கல், விதை, இலை, களிமண் ஆகியவையே கற்பித்தல் பொருள்கள். இன்றைய அங்கன்வாடியின் பெயரும் எண்ணமும் அந்த முற்றத்திலிருந்து வந்தவை.

மாதர் சங்கத்துப் பால்வாடி

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பத்து லட்சம் இடங்கள் வேண்டும் என்று 1944 இன் சார்ஜென்ட் அறிக்கை பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் அரசு அதை நேரடியாக மேற்கொள்ளவில்லை. தொண்டு நிறுவனங்களிடம் விட்டது. கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளை பயிற்றுவித்த சேவிகைகளும், துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953 இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் மானியம் பெற்ற மாதர் சங்கங்களும் சிற்றூர்களில் பால்வாடிகளை நடத்தின. காலையில் சில மணி நேரம் பாட்டு, கதை, சுத்தப் பழக்கம், கிடைத்தால் பால்பவுடர் கரைத்த பால் என்பதே பெரும்பாலும் அவற்றின் நடைமுறை. மானியம் வரும்போது நடந்தன, நின்றபோது நின்றன. கோத்தாரி குழு (1964–66) முன்பருவக் கல்வியின் தேவையை ஏற்றாலும் அதைப் பெரிதும் தனியார் முயற்சிக்கே விட்டது.

திருப்பம் 1970களில் வந்தது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972 இல் அளித்த அறிக்கை, உணவையும் உடல்நலத்தையும் கல்வியையும் பிரிக்கக் கூடாது என்று வாதிட்டது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. இணை உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு சேவைகள் அதில் அடங்கின. கல்வி ஆறில் ஒன்று.

சத்துணவின் பங்கு

தமிழகத்தில் மழலையர் மையங்களை ஊர்தோறும் நிறுத்தியது சோறு. பசித்த பிள்ளை படிக்காது என்ற உணர்வு இங்கே பழையது. சென்னை மாநகராட்சி 1920 இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. காமராசர் ஆட்சி 1956 இல் அதைத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தது. இரண்டுமே பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானவை. 1980 இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, எடை கூடாதவர்களுக்கு இணை உணவு கொடுத்தது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஊரகப் பகுதிகளில் தொடங்கி செப்டம்பரில் நகரங்களுக்கும் விரிந்தது. பள்ளிக்கு வராத வயதுக் குழந்தைக்குச் சோறு போட ஒரு கட்டடம், ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் தேவைப்பட்டனர். உள்ளூர்ப் பெண்கள், குறிப்பாக விதவைகளும் ஆதரவற்றோரும், அந்த வேலைகளைப் பெற்றனர். செலவை அரசு தாங்காது என்று பொருளாதார வல்லுநர்கள் எச்சரித்தனர். அடுத்து வந்த எந்த ஆட்சியும் திட்டத்தைக் கைவிடவில்லை. 1989 இல் முட்டை சேர்ந்தது, பின்னர் அது வாரம் ஒன்றாகி மூன்றானது. 2013 முதல் கலவைச் சாதங்கள் வந்தன.

இந்தக் குழந்தைகள் மையங்களும் 1975 இல் தொடங்கிய மத்தியத் திட்டமும் படிப்படியாக ஒன்றிணைந்தன. இன்று தமிழகத்தில் 434 வட்டாரங்களில் முதன்மை மையங்களும் குறுமையங்களுமாக 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. மக்கள் வழக்கில் அவை இன்னும் பால்வாடிதான். செஞ்சி வட்டாரம் போன்ற பகுதிகளில் இதன் பலன் இரு பிள்ளைகளைத் தொட்டது: குழந்தைக்கு மதியச் சோறு உறுதியாயிற்று, தம்பியைச் சுமந்த அக்கா பள்ளிக்குப் போக முடிந்தது.

கற்பித்தல் இதே வேகத்தில் வளரவில்லை. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் மாதந்தோறும் ஒரு கருப்பொருளை மையமாக்கிய நல்ல பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் அதை நடத்தவேண்டிய ஒரே பணியாளர்தான் எடை பார்க்கவும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்கவும், தடுப்பூசி நாளுக்குத் தாய்மாரை அழைத்துவரவும், பதிவேடு நிரப்பவும், அண்மை ஆண்டுகளில் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றவும் வேண்டியிருக்கிறது. வகுப்பு வேளை சுருங்குவது அவருடைய குறையால் வந்ததல்ல, பணி வகுக்கப்பட்ட முறையால் வந்தது.

நர்சரிப் பள்ளிகளின் பெருக்கம்

1970களின் இறுதியிலிருந்து மெட்ரிகுலேஷன் பள்ளிகளும், அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நர்சரி, பிரைமரி பள்ளிகளும் மாவட்டத் தலைநகரங்களிலிருந்து வட்டத் தலைநகரங்களுக்கும், பிறகு பேரூராட்சிகளுக்கும் பரவின. காலையில் ஊருக்குள் வரும் மஞ்சள் வேன், டை, பெல்ட், டைரி என்று மூன்றரை வயதில் பள்ளி வாழ்க்கை தொடங்கியது. பெற்றோர் கட்டணம் கட்டியதற்குக் காரணம் ஆங்கிலம். பால்வாடி டீச்சர் சோறு போடுபவர், கான்வென்ட் மிஸ் படிப்புச் சொல்பவர் என்ற பாகுபாடு ஊர்களில் வேரூன்றியது. கையில் சற்றுக் காசு வந்ததும் குழந்தையைப் பால்வாடியிலிருந்து எடுத்து நர்சரியில் சேர்ப்பது கூலிக் குடும்பங்களிலும் வழக்கமாயிற்று.

பெரும்பாலான நர்சரிகள் முதல் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டு முன்னதாக இறக்கிக் கொடுத்தன. விரல் தசை உறுதிப்படாத வயதில் நான்கு கோடு நோட்டு, வீட்டுப்பாடம், மாதத் தேர்வு. ஃபிரோபெலும் மாண்டிசோரியும் எதிர்த்த முறையே அவர்களுடைய சொற்களை அணிந்து வந்தது. மாநிலங்களவையில் 1989 இல் எழுத்தாளர் ஆர். கே. நாராயண் புத்தக மூட்டையின் கொடுமையைப் பற்றி ஆற்றிய உரை யஷ்பால் குழு அமையத் தூண்டுதலாயிற்று. 1993 இல் அறிக்கை தந்த அக்குழு, நர்சரி சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் முதல், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது.

பெருக்கத்தின் கொடிய விலை கும்பகோணத்தில் தெரிந்தது. 2004 ஜூலை 16 அன்று ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் நெருக்கி இயங்கிய இடத்தில், கூரைவேய்ந்த சமையற்கட்டிலிருந்து பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகு ஓலைக்கூரை வகுப்பறைகள் அகற்றப்பட்டன. தீயணைப்பு, கட்டட உறுதி, சுகாதாரச் சான்றுகள் கட்டாயமாயின. பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் சட்டம் 2009 இல் வந்தது. பாதுகாப்பும் கட்டணமும் இவ்வாறு விதிக்குள் வந்தன. மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன கற்பிக்கலாம் என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் விருப்பமாகவே நீடித்தது.

சட்டத்தின் எல்லை

அரசியலமைப்பின் 45 ஆவது பிரிவு முதலில் 14 வயது வரை அனைவருக்கும் இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. பிறப்பு முதலான வயதும் அதில் அடங்கியிருந்தது. 2002 இன் 86 ஆவது திருத்தம் ஆறு முதல் 14 வயதுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டோர் திருத்தப்பட்ட 45 ஆவது பிரிவில், நீதிமன்றத்தில் கோர முடியாத வழிகாட்டு நெறிக்குள் நின்றனர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் இந்த எல்லையைத் தாண்டவில்லை. அதன் 25 விழுக்காட்டு இடஒதுக்கீட்டை மட்டும் நுழைவு வகுப்பான எல்.கே.ஜி.யிலிருந்தே தனியார் பள்ளிகள் வழங்க வேண்டியிருக்கிறது. ஆகவே அரசு பணம் கட்டி ஏழைக் குழந்தையைத் தனியார் மழலையர் வகுப்பில் சேர்க்கும் வழி உண்டு. அரசே நடத்தும் வகுப்பில் இடம் கேட்கும் உரிமை இல்லை.

சோற்றின் பக்கம் சட்டம் வலுவாக இருந்தது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிச் சேவை அனைத்துக் குழந்தைகளையும் எட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. 2013 இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உறுதிசெய்தது. அதே 2013 இல் வந்த முன்மழலைப் பராமரிப்பு, கல்விக்கான தேசியக் கொள்கை விளையாட்டு வழிக் கற்றலையும் தாய்மொழியையும் வலியுறுத்தினாலும், தனியார் நர்சரிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. 2020 இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயதை ஒரே அடித்தளப் பருவமாக வகுத்து, முதல் வகுப்புக்கு ஆறு வயது என்றது. அக்கொள்கையை ஏற்காத தமிழகம் முதல் வகுப்புக்கு ஐந்து வயதையே கடைப்பிடிக்கிறது. திண்ணைப் பள்ளிக் காலத்து வயதும் அதுவே.

அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி.

அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்புச் சேர்க்கை குறைந்துகொண்டே வந்ததற்கு நர்சரி ஒரு முக்கியக் காரணம். மூன்றரை வயதில் தனியாரிடம் சென்ற குழந்தை ஐந்து வயதில் திரும்புவதில்லை. இதற்கு விடையாக 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஒரே இடத்தில் சோறும் காவலும் எழுத்தும் சேர்ந்த முதல் பெரிய அரசு முயற்சி இது. சிக்கல் ஆசிரியர் நியமனத்தில் எழுந்தது. பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்களை மழலையர் வகுப்புக்கு மாற்றியதை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2022 இல் அவர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது எல்.கே.ஜி. மூடப்படும் என்ற அச்சம் பரவியது. எதிர்ப்புக்குப் பின் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் தொடர்ந்தன.

கொரோனா பெருந்தொற்று முன்பருவக் கல்வியின் இடத்தை வேறு விதத்தில் காட்டியது. 2020 மார்ச்சில் அங்கன்வாடிகள் மூடப்பட்டன. உலர் உணவுப் பொருள்கள் வீட்டுக்குச் சென்றன. பாட்டும் கதையும் செல்லவில்லை. இழப்பை ஈடுகட்டும் ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் தொடங்கியபோது அது முதல் வகுப்பு முதல் படிப்போருக்கானது. பால்வாடியே காணாமல் முதல் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் துணைநின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளில் தொடங்கியது.

ஆய்வுகள் சொல்வது

முன்பருவக் கல்விக்கு ஆகும் செலவு பிற்காலத்தில் திரும்பக் கிடைக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகனில் 1962 இல் 123 குழந்தைகளிடம் தொடங்கிய பெரி ஆய்வே வழக்கமாகச் சுட்டப்படும். தமிழகத்துக்கு நெருக்கமான சான்று இங்கேயே உண்டு. நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. அவற்றில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர் அளிக்கப்பட்டார். ஒன்றரை ஆண்டுக்குப் பின் அம்மையங்களில் கற்பித்தல் நேரம் ஏறத்தாழ இரட்டித்திருந்தது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறியிருந்தனர். வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்திருந்தன. புதியவர் கற்பித்தலைப் பார்த்துக்கொண்டதால் பழைய பணியாளருக்கு உணவுக்கும் உடல்நலத்துக்கும் நேரம் கிடைத்தது. கூடுதல் பணியாளர் உள்ளூர்ப் பெண். ஒரு வாரப் பயிற்சி மட்டுமே பெற்றவர்.

இரு நூற்றாண்டு வரலாற்றின் பாடமும் இதையொட்டியே அமைகிறது. திண்ணைப் பள்ளியில் எழுத்து இருந்தது, குழந்தையின் வயதுக்கு இடமில்லை. மாண்டிசோரிப் பள்ளியில் வயதுக்கு இடமிருந்தது, ஏழைக்கு இல்லை. பால்வாடியில் அனைவருக்கும் இடமும் சோறும் உண்டு, கற்பிக்க ஆள் போதவில்லை. கட்டடம், உணவு, ஊரார் நம்பிக்கை, பாடத்திட்டம் ஆகிய நான்கும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. மீதமுள்ளவை மூன்று: கற்பித்தலுக்கென்று ஒதுக்கப்பட்ட, மழலையர் கல்வியில் பயிற்சி பெற்ற இரண்டாவது பணியாளர்; அரசு, தனியார் இரண்டுக்கும் பொதுவாக வயதுக்கு மிஞ்சிய பாடத்தைத் தடுக்கும் விதி; ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கும் கல்வியை உரிமையாக்கும் சட்டத் திருத்தம். முதலாவதை மாநில அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே செய்துகொள்ள முடியும். இரண்டாவதற்கு மாநிலச் சட்டம் போதும். மூன்றாவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.